இரண்டாம் தாள்

உ

மனோர் பார்க், லண்டன்
2024 செப்டம்பர் 3

அன்புள்ள தங்கச்சி பிரசாந்தினிக்கு,

முருகன் என்னை இன்னும் நடமாட விட்டு வைத்திருக்கிறான். உன்னையும் பரமேஸ்வரனையும் அப்படியே வைத்திருப்பான் என்று நம்பி எழுதுகிறேன். தொண்டை மட்டும் மூன்று மாதமாகக் கட்டிக் கிடக்கிறது. வாயைத் திறந்தால் காகம் கத்துவது போல இருக்கிறது. ஆகவே போன் எடுத்து என் குரலை விசாரிக்காதே. சண்டையில் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் நீ யாழ்ப்பாணத்தில், நான் இங்கே. ஒரு கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் நாங்கள். போனில் ‘சாப்பிட்டாயா’ என்பதைத் தவிர என்றைக்கு எதைப் பேசியிருக்கிறோம்?

நீ அனுப்பிய படம் கிடைத்தது. சுவிஸ்காரர் பஸ்ஸின் கூரையில் இரண்டு கொம்பை வைத்து, அதை மேலே கரண்டுக் கம்பியில் மாட்டி, மாட்டைக் கட்டின மாதிரிக் கட்டி விட்டிருக்கிறார்கள். கோயிலில் எல்லாருக்கும் காட்டினேன். அடுத்த வீட்டுக் கனகாம்பிகை அக்கா, “உது பஸ்ஸோ, றெயினோ, தம்பி?” என்று கேட்டா. “என்ர தங்கச்சி ஓட்டினால் தேர், அக்கா” என்றேன். சிறு வயதில் உனக்குக் கொம்பு முளைத்திருக்கிறது என்று அம்மா திட்டுவா. இப்போது அரசாங்கமே முளைக்க வைத்துவிட்டது.

அடுத்ததை இருந்துகொண்டு வாசி.

என் கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போய்விட்டது. என்ன, நெஞ்சு திக்கென்றதா? நாற்பது வயது கடந்தும் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறாய்.

மகன் விதுசன் ஞாயிறுகளில் ஸ்ட்ரெதமிலிருந்து வருகிறான். தாய் போனபிறகு என்னைப் பார்க்க வருவதுதான் அவனுக்கு வேலை. டொக்டரிடம் போ என்று ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறான். போகிறேன். நீ பஸ் முடிவிடத்தில் அவசரத்தில் எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட மறப்பதில்லை. அதைப் பார்த்தாலே எனக்கு அரைவாசிக் கடிதம் வாசித்த மாதிரி.

அன்புடன் அண்ணன்,
யோகராஜா

———

உ

சுவிஸ்
2024 செப்டம்பர் 15

பாசமுள்ள அண்ணைக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தொண்டையைத் தவிர மற்ற எல்லாம் சுகமாயிருக்கும் என்று எண்ணுகிறேன். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். டொக்டரிடம் போங்கள். கறிவேப்பிலைக்கு நான் உண்மையாகவே பயந்தேன். பரமேஸ்வரன் பார்த்துச் சிரித்தார்.

மாட்டைக் கட்டினது என்று பகிடி பண்ணுகிறீர்கள். இந்த ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். கீழே ஏரி, உச்சியில் காடு. டீசல் பஸ் மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் இது சத்தமில்லாமல் ஏறும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் மோட்டார் கரண்டை உண்டாக்கிக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்தக் கரண்டில் எதிரே ஒரு பஸ் ஏறி வரும். நான் அதைத் தினமும் நினைப்பேன். நீங்கள் லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் இரண்டு ஷிப்ட் நின்றுதானே என்னை இங்கே ஏற்றி விட்டீர்கள்.

கம்பிகள் பிரிகிற சந்திகளில் சிலவேளை கொம்பு கழன்று விழும். கையுறை போட்டு, பின்னால் போய்க் கயிற்றை இழுத்து, கொம்பைத் திரும்பவும் கம்பியில் வைக்க வேண்டும். உள்ளேயிருக்கும் சனம் மணிக்கூட்டைப் பார்க்கும். சத்தமில்லாத பஸ் என்பதால் ஒரு கரைச்சலும் உண்டு: தெருவைக் கடக்கிறவர்கள் காதை நம்பினால் தொலைந்தார்கள். கண்ணுக்கு ஓய்வே இல்லை.

மேலே முடிவிடத்தில் எனக்கு ஏழு நிமிடம். உங்கள் கடிதங்களை அங்கே வைத்துத்தான் பிரிப்பேன். வீட்டில் வாசித்தால் அது வேறு மாதிரி.

தங்கச்சி,
பிரசா

———

உ

மனோர் பார்க்
2024 அக்டோபர் 6

அன்புள்ள பிரசாவுக்கு,

தாள் 1

குளிர் தொடங்கிவிட்டது. உனக்கு இன்னும் அதிகமாயிருக்கும். காதை மூடித் தொப்பி போடுகிறாயா? நவராத்திரிக்குக் கோயிலில் நல்ல சனம். கனகாம்பிகை அக்காவுக்கு மட்டும் முகம் சரியில்லை. சுவிஸில் இருக்கிற அவவின் தங்கச்சி ஏதோ கிறிஸ்தவச் சபையில் சேர்ந்துவிட்டாவாம். பொட்டில்லை, கடிதத்தில் பிள்ளையார் சுழியுமில்லை. “சுழி இல்லாத கடிதத்தைப் பார்த்து, செத்த வீட்டுச் செய்தியெண்டு பதறிப்போனன், தம்பி. பிறகுதான் விளங்கிச்சுது, சமயத்தை விட்டிட்டாள் எண்டு” என்று சொல்லிச் சொல்லி அழுதா. அவரவர் பாடு.

எங்கள் 25ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி இல்ஃபோர்டுக்குப் போய் மீன் வாங்கினேன். ஓட்டினவனைப் பார்த்தேன். உன்னைப் போல நிமிர்ந்து இருக்கத் தெரியாதவன். இங்கேயும் கரண்டு பஸ் வந்துவிட்டது. ஆனால் கம்பியில்லை, பற்றரி. ஆட்கள் அடிபடக்கூடாதென்று சும்மா ஒரு சத்தத்தைப் போட்டு ஓட விடுகிறார்கள். கெட்டிக்காரர்.

தாள் 2

அடுத்ததை இருந்துகொண்டு வாசி. இந்த முறை கறிவேப்பிலை இல்லை.

தொண்டையில் இருப்பது புற்றுநோய். குரல்பெட்டியை முழுதாக எடுத்தால் உயிர் தங்கும் என்கிறார்கள். அக்டோபர் 24 ஒப்பரேஷன். அதற்குப் பிறகு கழுத்தில் ஒரு ஓட்டையால்தான் மூச்சு. பேச்சு இல்லை.

நான் போன் எடுத்து இதைச் சொல்ல முயன்றேன். நம்பரை அமத்திவிட்டு வைத்துவிட்டேன். ஆகவே நீ எடு. 23ஆம் திகதி பின்னேரம் நான் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். அழாதே, வைத்தியமும் பேசாதே. உன் பஸ்ஸைப் பற்றிச் சொல்லு. நான் உன்னை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் குரலில் கடைசிச் சொல் உன் பெயராக இருக்கட்டும். காகக் குரல்தான், பரவாயில்லை.

பரமேஸ்வரனுக்கு இப்போது சொல்லாதே. எனக்குப் பயமாயிருக்கிறது, பிரசா.

அண்ணன்

———

சுவிஸ்
2024 நவம்பர் 2

அண்ணைக்கு,

நீங்கள் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

பதில் பிந்திவிட்டது. கொஞ்ச நாளாக வேலைக்குப் போகவில்லை. லீவு தந்திருக்கிறார்கள். பனி இன்னும் விழவில்லை.

அண்ணை, நான் அங்கே வந்து உங்களோடு ஒரு மாதம் இருக்கட்டுமா? தனியாகத்தான் வருவேன். சமைத்து வைப்பேன். உங்களுக்கு இடைஞ்சலாக இருக்க மாட்டேன். முன்னறையில் ஒரு மூலை போதும்.

பிரசாந்தினி

———

உ

மனோர் பார்க்
2024 நவம்பர் 24

பிரசாந்தினிக்கு,

நான் சுகமா என்று நீ கேட்கவில்லை, நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நம்பிக்கொண்டே இரு.

23ஆம் திகதி மத்தியானத்திலிருந்து போனை மடியில் வைத்திருந்தேன். விதுசன் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோனான். அவன் உன் நம்பரை அமத்தப் போக, வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். அதைப் பற்றி நான் இனி ஒன்றும் கேட்கப் போவதில்லை. இப்போது நான் ஒருவரோடும் பேசுவதில்லை.

உன் கடிதத்தின் மேற்பக்கத்தை விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளையார் சுழி இல்லை. செத்த வீட்டுக் கடிதத்துக்குத்தான் அது இல்லாமல் போகும். உன் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அப்படியென்றால் என்ன நடந்திருக்கிறது என்று விளங்கிக்கொள்ள நான் படித்தவனாக இருக்கத் தேவையில்லை. கனகாம்பிகை அக்கா அழுதபோது அவரவர் பாடு என்று நினைத்தவன் நான். தன் வீட்டுக்கு வந்தால்தான் நோவு தெரிகிறது. உன் சபை, கூடப்பிறந்தவனை விசாரிக்கவும் கூடாது என்று சொல்லித் தந்ததா?

இந்த வீட்டில் சாமியறை இருக்கிறது. அம்மாவின் படமும் அதற்குள்தான். அந்த விளக்கைக் கும்பிட ஏலாதவர்களுக்கு முன்னறையில் மூலை இல்லை. வரத் தேவையில்லை.

யோகராஜா

———

சுவிஸ்
2024 டிசம்பர் 8

அண்ணைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வேறு சமயத்துக்குப் போகவில்லை. அதற்கு மேல் எழுத வரவில்லை. நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் கோபப்பட்டது சரி. அண்ணை, 23ஆம் திகதி என்ன?

பிரசாந்தினி

———

சுவிஸ்
2025 ஜனவரி 20

அண்ணைக்கு,

சுகமாயிருப்பீர்கள். பொங்கல் வந்து போய்விட்டது. நாங்கள் பொங்கவில்லை.

டிசம்பரில் போட்டது கிடைத்ததா என்று தெரியவில்லை. கம்பியில் பனி உறைந்திருக்கிறது. விடிய முன் போகிற முதல் பஸ் அதை உரசிக்கொண்டு போகும்போது நீல நெருப்புத் தெறிக்கும். யன்னலில் நின்று பார்ப்பேன். முன்பு அந்த முதல் பஸ் என்னுடையது.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

பிரசாந்தினி

———

உ

சுவிஸ்
2025 பெப்ரவரி 16

மதிப்புக்குரிய மச்சானுக்கு பரமேஸ்வரன் எழுதுவது,

உங்கள் சுகத்தை வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடமில்லை. பிரசாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். “அண்ணைக்குத் தொண்டை வருத்தம் இருக்கிற நேரம், சொல்லப்படாது” என்று சத்தியம் வாங்கியிருந்தாள். இன்றைக்கு அதை மீறுகிறேன்.

அக்டோபர் 14ஆம் திகதி, மலையிலிருந்து இறங்கும்போது, பிரசா ஓட்டிய பஸ்ஸில் ஒரு முதியவர் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். எண்பத்தொரு வயது. காது மந்தம். பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டார். விசாரணையில் பிரசாவில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்குத் திரும்பி வரச் சொல்லியும் கடிதம் வந்தது. இவள் போகவில்லை.

அந்த மனிதருக்குப் பெண்சாதி பிள்ளை ஒருவருமில்லை. நகரசபைதான் அடக்கம் செய்தது. அன்றிலிருந்து இவள் செத்த வீட்டுத் துடக்குக் காக்கிறாள். விளக்குக் கொளுத்துவதில்லை, பொட்டு வைப்பதில்லை, பேப்பரில் சுழி போடுவதில்லை. “துடக்கு சொந்தக்காரருக்குத்தானே, பிரசா. அதுவும் முப்பத்தொண்டு நாள்” என்றேன். “அந்தாளுக்குக் காக்க வேற ஆரிருக்கினம்? முடியேக்க முடியட்டும்” என்றாள். நாலு மாதமாகிவிட்டது.

தினமும் அவர் அடிபட்ட இடத்துப் பஸ் தரிப்பிடத்தில் போய் இருக்கிறாள். பஸ் வந்தால் ஏறுவதில்லை. ஒரே ஒரு முறைதான் வாய் திறந்து ஆசைப்பட்டாள்: அண்ணையிடம் போய் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்று. உங்கள் பதில் வந்ததிலிருந்து அதையும் கேட்பதில்லை. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை, மச்சான்.

பரமேஸ்வரன்

———

மனோர் பார்க்
2025 பெப்ரவரி 23

பிரசா,

பரமேஸ்வரன் எழுதிவிட்டார். அவரை ஏசாதே.

நான் எழுதினதையெல்லாம் எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று தெரியவில்லை. நான் முட்டாள். வேறு சொல் கிடைக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்டோபர் 6ஆம் திகதி நான் போட்ட கடிதம் உனக்குக் கிடைத்ததா? எப்போது வாசித்தாய்?

அண்ணன்

———

சுவிஸ்
2025 மார்ச் 5

அண்ணைக்கு,

நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். விசாரணையிலும் சொல்லவில்லை. பரமேஸ்வரனுக்கும் தெரியாது.

கடிதம் 14ஆம் திகதி காலையில் கிடைத்தது. வழக்கம்போல மேலே கொண்டுபோனேன். அன்றைக்குச் சந்தியில் ஒரு கொம்பு கழன்று, அதை ஏற்றி வைக்க நாலு நிமிடம் போய்விட்டது. ஏழில் மூன்றுதான் மிச்சம். முதல் தாளை வாசித்து முடித்தேன். தொப்பி போடுகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் தாளைப் பிரிக்க முன்பே பஸ் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

வளைவில் அது சரிந்து பாதி விரிந்தது. நான் ஒருமுறை கீழே பார்த்தேன். ‘அடுத்ததை இருந்துகொண்டு வாசி’ என்ற அவ்வளவும்தான் கண்ணில் பட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை எந்தக் கன்று பட்டுப்போனதோ என்று நினைத்தேன். நிமிரும்போது அவர் கண்ணாடிக்கு நேரே நின்றார். கையில் பேக்கரியில் வாங்கின ஒரு பாண் இருந்தது. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன், அண்ணை. அவர் கடைசியாகப் பார்த்தது என் சிரிப்பைத்தான்.

பிரேக்கை முழுதாக மிதித்தேன். அவ்வளவு கரண்டும் கம்பிக்குத்தான் போயிருக்கும். கீழேயிருந்து ஏறிவந்த ஏதோ ஒரு பஸ்ஸுக்கு அது போதுமாயிருந்திருக்கும். அதிலிருந்த சனத்துக்கு ஒன்றும் தெரிந்திராது.

பொலிஸ் என் இருக்கையடியில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் ஜனவரியில் ஒரு பையில் திருப்பித் தந்தது. கையுறை, மூக்குக்கண்ணாடி, உங்கள் இரண்டு தாள். தமிழ் என்பதால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பை அலுமாரியில் கட்டினபடி இருக்கிறது. இரண்டாம் தாளை எடுக்கப் போய், ஒவ்வொரு முறையும் கதவைத் திரும்பப் பூட்டிவிடுகிறேன்.

23ஆம் திகதி என்று நீங்கள் எழுதினதிலிருந்து எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாளில் என்ன இருந்தது, அண்ணை? நான் செய்யாமல் விட்ட ஏதாவது இருந்ததா? இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்றையும் தாங்குவேனா தெரியாது. ஆனாலும் சொல்லுங்கள்.

பிரசா

———

மனோர் பார்க்
2025 மார்ச் 14

என் அருமைத் தங்கச்சி பிரசாவுக்கு,

நான் சுகமாயிருக்கிறேன். முதலில் அதை நம்பு.

நீ கேட்டதுக்குப் பதில். இரண்டாம் தாளில் ஒன்றுமில்லை. விதுசன் புதுக் கறிவேப்பிலைக் கன்று ஒன்று வாங்கித் தந்தான். குளிரில் அதுவும் பட்டுப்போய்விட்டது. நீ நினைத்தது சரி. நான் வேறு எதை எழுதப் போகிறேன், ஒவ்வொரு முறையும் அதே பகிடிதானே. 23ஆம் திகதியும் அவ்வளவுதான். புதுப் போன் வாங்கியிருந்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க அன்றைக்கு எடுக்கச் சொல்லியிருந்தேன். நீ எடுக்கவில்லை என்று சின்னப்பிள்ளை போலக் கோபித்தேன். வயது போனால் புத்தியும் போகும் என்பதற்கு நான்தான் சாட்சி. நீ செய்யாமல் விட்டது ஒன்றுமே இல்லை.

அந்தப் பையை அவிழ்க்காதே. இழவுக் கடிதத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லுவா. இரண்டு தாளையும் பரமேஸ்வரனிடம் கொடு. பார்க்காமல் கிழித்து ஏரியில் போடட்டும். அவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இது அண்ணன் சொல்லுகிற சொல். நீ என் சொல்லை ஒருநாளும் தட்டினதில்லை.

பிறகு நீ வா. ஒரு மாதம் என்று கணக்கு வேண்டாம். முன்னறை முழுக்க உனக்கு. சாமியறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். பெப்ரவரியிலிருந்து நானும் விளக்குக் கொளுத்தவில்லை. இந்தக் கடிதத்தின் மேற்பக்கத்தைப் பார்த்திருப்பாய், போன கடிதத்திலும் பார்த்திருப்பாய். அந்த மனிதருக்குக் காக்க இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். எப்போது முடிப்பது என்று நீ இங்கே வந்தபிறகு இரண்டு பேரும் சேர்ந்து தீர்மானிப்போம்.

வரும்போது ஒன்றைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஆகவே முன்கூட்டியே சொல்கிறேன். நவம்பர் கடைசியில் தொண்டையில் திடீரென்று ஒரு கட்டி கண்டு, நாள் நேரம் பார்க்காமல் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒருவருக்கும் சொல்ல எனக்கே நேரம் தரவில்லை. குரல் போய்விட்டது. போனது காகக் குரல்தானே, நட்டமில்லை. நோய் முழுதாகப் போய்விட்டது என்கிறார்கள். ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டிப் பேசுகிறேன். நாங்கள் எழுதிப் பேசிப் பழகின ஆட்கள், எங்களுக்கு இதொன்றும் புதுசில்லை.

மனோர் பார்க் ஸ்டேஷன் வாசலில், வலதுபக்கம், நீலத் தொப்பியோடு நிற்பேன். சனம் நிறைய இருக்கும். நான் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். நீதான் என்னைப் பார்த்து வரவேண்டும்.

உன் அண்ணன்,
யோகராஜா